அக்கம்பக்கத்தாரைப் பள்ளிவாசலுக்கு அழைக்கும் நாள்: எப்படி நடத்துவது? (கடலூர் முதுநகர்)

கேள்வி: மஹல்லா உறுப்பினர், கடலூர் முதுநகர்

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் தெருக்களில் இருக்கும் இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசலுக்கு அழைத்து, உள்ளே காட்டி, இஸ்லாம் என்றால் என்னவென்று சொல்லலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு. 150 பேர் வரை வரலாம்.

இரண்டு கருத்து ஓடுகிறது. இளைஞர்கள் மேடை போட்டு, வெளியூர்ப் பேச்சாளரை வரவழைத்து, ஒலிபெருக்கியில் கேள்வி-பதில் நடத்த வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள், "வந்தவங்களுக்கு டீ கொடுத்து, பள்ளியைச் சுத்திக் காட்டி அனுப்புங்க, போதும்" என்கிறார்கள். எது நபிவழிக்கு நெருக்கம்? பிற சமயத்தார் தொழும் இடத்துக்குள் வரலாமா? (எங்களில் ஷாஃபி, ஹனஃபி என்ற இரண்டு மத்ஹபினரும், அதாவது மார்க்கச் சட்ட மரபினரும், உண்டு.) கையில் எதைக் கொடுத்து அனுப்புவது? சட்டப்படி கவனிக்க வேண்டியது என்ன? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பதில்: ஆலிம், லால்பேட்டை

வஅலைக்கும் ஸலாம். ஸீராவை (நபி வரலாறு) பார்த்தால் அழைப்புக்கு ஒரே ஒரு முறை கிடையாது. கேட்பவரும் இடமும் மாற, முறையும் மாறியது.

நபி (ஸல்) அவர்களின் அழைப்பு முதல் மூன்று ஆண்டுகள் ஆள் ஆளாக, நம்பிக்கைக்கு உரியவர்களிடம் மட்டும் நடந்தது. ஸஃபா குன்றுக்குப் பக்கத்தில் இருந்த அர்கம் (ரலி) வீடுதான் கூடுமிடம். "உம் நெருங்கிய உறவினரை எச்சரிப்பீராக" (குர்ஆன் 26:214) என்ற வசனம் இறங்கிய பிறகு நபி (ஸல்) அவர்கள் ஸஃபாவில் ஏறி நின்று குலம் குலமாகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். அங்கேயும் அவர்கள் வாயிலிருந்து முதலில் வந்தது ஒரு கேள்வி: "இந்த மலைக்குப் பின்னால் ஒரு குதிரைப்படை வருகிறது என்று சொன்னால் நம்புவீர்களா?" "உங்களிடம் பொய்யைக் கண்டதில்லை" என்றார்கள் மக்கள். நாற்பது ஆண்டு நடத்தையை முன்னால் வைத்துக் கேட்ட கேள்வி அது. ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) நேரத்தில் அடுத்த வீட்டு வாசலை மறித்து வண்டி நிற்கிற தெருவில் இந்தக் கேள்வியை நாம் கேட்க முடியாது. அழைப்பிதழ் கொடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே வண்டி நிறுத்தும் பிரச்சினையை முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியப் பகுதி). கி.பி. 615இல் முஸ்லிம்களின் முதல் குழு அங்கே அடைக்கலம் போனது. பின்னால் மக்காவின் குறைஷிக் குலத்தார் ஆள் அனுப்பி, "இவர்களைத் திருப்பி அனுப்புங்கள்" என்று கிறிஸ்தவரான நஜாஷி மன்னரிடம் கேட்டபோது ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) பேசிய பேச்சை உங்கள் இளைஞர்கள் வரி வரியாகப் படிக்கட்டும். முதலில் தங்கள் பழைய நிலையைச் சொன்னார்: சிலைகளை வணங்கினோம், செத்ததைத் தின்றோம், உறவை முறித்தோம், அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்தோம், எங்களில் வலியவர் எளியவரை விழுங்கினார். அடுத்து, எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை இறைவன் தூதராக அனுப்பினான். அடுத்து, அவர் எங்களுக்கு எதையெல்லாம் கட்டளையிட்டார். குர்ஆன் வசனம் கடைசியில்தான், அதுவும் மன்னர் கேட்ட பிறகு. ஓதியது மர்யம் (மரியாள்) அத்தியாயத்தின் தொடக்கம். குறை சொல்லத் தொடங்கியபோது தன் சமூகத்தின் குறையைச் சொன்னார். மன்னரின் மார்க்கத்தில் ஒரு குறையும் எடுக்கவில்லை. மறுநாள் ஈஸா (அலை), அதாவது இயேசு பற்றித் துருவிக் கேட்டபோது மழுப்பவும் இல்லை. நம்புவதை அப்படியே சொன்னார்.

மூன்றாவது, மதீனா. முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அங்கே அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) வீட்டில் தங்கிக் கற்றுக்கொடுத்தார். அவ்வூர்த் தலைவர்களில் ஒருவரான உஸைத் இப்னு ஹுளைர் ஈட்டியோடு வந்து, "போய்விடு" என்று அதட்டினார். முஸ்அப் சொன்னது இவ்வளவுதான்: "உட்கார்ந்து கேளுங்கள். பிடித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் உங்களுக்குப் பிடிக்காததை விட்டு நாங்கள் விலகிக்கொள்கிறோம்." "நியாயமான பேச்சு" என்று ஈட்டியைத் தரையில் குத்திவிட்டு அவர் உட்கார்ந்தார். மறுக்கும் உரிமையைப் பேச்சின் தொடக்கத்திலேயே கேட்பவர் கையில் கொடுத்துவிட்டார் முஸ்அப். "மார்க்கத்தில் கட்டாயம் இல்லை" (2:256) என்பது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும்.

வரிசையும் முக்கியம். முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது நபி (ஸல்) படி வைத்துக் கொடுத்தார்கள்: நீர் வேதக்காரர்களிடம் (யூதர், கிறிஸ்தவர்) போகிறீர், முதலில் ஏகத்துவம், அதை ஏற்றால் ஐந்து வேளைத் தொழுகை, அதையும் ஏற்றால் ஸகாத் (ஏழைகளுக்கான கட்டாயக் கொடை), வாங்கும்போது அவர்களின் சிறந்த பொருளாகப் பார்த்து எடுக்காதீர், அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கு அஞ்சிக்கொள்ளும். புகாரியில் ஆயிஷா (ரலி) சொல்வதும் இதுதான்: முதலில் சொர்க்கம், நரகம் பற்றிய வசனங்கள் இறங்கின, மக்கள் நிலைத்த பிறகே ஹலால் ஹராம் வந்தது, முதலிலேயே "மது குடிக்காதீர்கள்" என்று வந்திருந்தால் "ஒருபோதும் விடமாட்டோம்" என்றிருப்பார்கள். நம் மேடைகளில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். வந்தவருக்கு ஏகத்துவம் என்னவென்றே புரியாத நேரத்தில் தாடி, பர்தா, வட்டி என்று தொடங்கிவிடுகிறார்கள்.

இளைஞர்கள் கேட்கும் மேடை விவாதத்துக்கும் வரலாறு உண்டு. அஹ்மத் தீதாத் (1918–2005) டர்பனில் அதை வளர்த்தது, கிறிஸ்தவ மிஷனரிகள் முஸ்லிம்களிடம் வந்து வாதிட்ட சூழலில். அங்கே வினா தொடுத்தவர்கள் எதிர்த்தரப்பு, பதில் தேவைப்பட்டது. உங்கள் தெருவில் யாரும் வாதத்துக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை விருந்தாளியாக அழைத்துவிட்டு ஒலிபெருக்கியில் மடக்கினால் அவர் தோற்றுப்போனவராக வீடு திரும்புவார். "அழகிய முறையில் விவாதிப்பீராக" என்ற 16:125ஆம் வசனம் விவேகத்தையும் நல்லுரையையும் முன்னால் வைத்து, விவாதத்தைக் கடைசியில்தான் வைக்கிறது.

பள்ளிக்குள் வரலாமா என்பதற்கு: ஹனஃபி மத்ஹபில் அனுமதி உண்டு. ஷாஃபியில் மக்கா ஹரம் நீங்கலாக மற்ற பள்ளிகளில் முஸ்லிமின் அனுமதியோடு வரலாம். மாலிக்கியில்தான் தேவை இருந்தால் ஒழியத் தடுப்பார்கள். அப்போது முஸ்லிமாக இல்லாத கைதி ஸுமாமா இப்னு உஸால் மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியின் தூணில் மூன்று நாள் கட்டப்பட்டு, தொழுகையையும் மக்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். நிபந்தனையின்றி விடுவிக்கப்பட்டதும், போய்க் குளித்துவிட்டுத் திரும்பி வந்து கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொன்னார். அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத ஸகீஃப் குலத்தின் தூதுக்குழுவும் பள்ளியில்தான் தங்கவைக்கப்பட்டது. ஆக உங்கள் ஜமாஅத்தின் இரு மத்ஹபினருக்கும் இடைஞ்சல் இல்லை. முன்கூட்டியே இமாமை ஒரு ஜும்ஆ பயானில் இதைச் சொல்லச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கு வாசலில் ஒரு பெரியவர் தடுப்பார், வந்தவர்கள் முன்னால் சண்டை நடக்கும்.

பதில்: வாசகர், பரங்கிப்பேட்டை

ஹஜ்ரத் சொன்னதோடு தமிழ்நாட்டுப் பக்கத்தையும் சேர்க்கிறேன். கையில் கொடுக்கும் பிரசுரம் பற்றிய பதிலும் அதிலேயே இருக்கிறது.

முழுதாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய நூல்களில் பழையது என்று கருதப்படும் ஆயிர மசலா, 1572இல் மதுரையில் அரங்கேறியது. அதன் வடிவமே கேள்வி-பதில்: யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்கிறார், நபி (ஸல்) பதில் சொல்கிறார்கள். கேட்பவர் அறிவாளி, மதிப்புக்குரியவர்; கேள்வி எதுவும் இழிவாகக் காட்டப்படுவதில்லை. அடுத்த நூற்றாண்டில் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் நபி வரலாற்றை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்ற மூன்று காண்டங்களில் 5,000 பாடலுக்கு மேல் பாடினார். சீதக்காதிக்குப் பின் அதை ஆதரித்தவர் எங்கள் ஊர் அபுல் காசிம் மரைக்காயர். அந்தக் காவியத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை பொழிகிறது, ஆறு ஓடுகிறது, நெல் விளைகிறது. மணல் நாட்டை மருத நிலமாக்கிவிட்டாரே என்று குறை சொல்பவர்கள் உண்டு. கேட்பவன் கண்ணில் பார்த்த நிலத்தில் இருந்து கதையைத் தொடங்குவது காவிய மரபு. புலவர் அதையே கையில் எடுத்தார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

நம் சொற்களைப் பாருங்கள். வடக்கே நமாஸ், ரோஸா. இங்கே தொழுகை, நோன்பு, பள்ளி, மறை. மார்கழியில் பாவை நோன்பு என்று கேட்ட காதுக்கு ரமலான் நோன்பை விளக்க வேண்டியதே இல்லை; விடியலில் இருந்து பொழுது சாயும்வரை தண்ணீர்கூடக் கிடையாது என்ற வேறுபாட்டை மட்டும் சொன்னால் போதும். பள்ளி என்ற சொல் சமண, பௌத்தத் துறவிகள் இருந்த இடத்துக்கும் வழங்கியது. இந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் பாதி வேலையை நமக்கு முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு, பிரசுரத்தில் "தவ்ஹீத், ரிஸாலத், ஆகிரத்" என்று மூன்று தலைப்புப் போட்டால் அடுத்த வீட்டு அம்மா முதல் பக்கத்தோடு மடித்து வைத்துவிடுவார். ஓரிறைக் கொள்கை, தூதுத்துவம், மறுமை என்று போடுங்கள். அரபுச் சொல் அவசியமானால் அதை அடுத்தே தமிழில் ஒரு வரி விளக்கம் வேண்டும்.

பிரசுரத்தின் அளவு: ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். அது போதும். மிஞ்சினால் இரண்டு தாள் மடித்து நடுவில் பின் அடித்து எட்டுப் பக்கம். எழுத்து 13 புள்ளிக்குக் குறையக் கூடாது, வாசிக்கப்போவது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள். 150 பேர் என்றால் ஏறக்குறைய 50 குடும்பம். குடும்பத்துக்கு ஒன்று போக 100 பிரதி தாராளம். ஆயிரம் அடித்தால் விலை குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். மிச்சம் 900 எங்கே போகும் என்று யோசியுங்கள்: பஜ்ஜிக் கடைப் பொட்டலம்.

இதனால்தான் பிரசுரத்தில் அரபு வசனத்தை அச்சிட வேண்டாம் என்பது. கீழே விழும், மிதிபடும், எண்ணெய் படும். நம் ஆள் ஒருவர் அதைப் பார்த்துக் கோபப்பட, வாங்கிப் போனவர் காரணமே தெரியாமல் திட்டு வாங்குவார். வசனத்தின் பொருளைத் தமிழில் போட்டு, அத்தியாய எண், வசன எண் கொடுங்கள். ரோமப் பேரரசர் ஹிரக்ளியஸுக்கு அனுப்பிய கடிதத்தில் நபி (ஸல்) அவர்களே ஒரு வசனத்தை (3:64) எழுதச் சொன்னார்கள், ஆகவே வசனத்தைப் பிற சமயத்தாருக்குக் கொடுப்பதில் தடை இல்லை. தெருவில் இறைபடும் காகிதத்தில் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

அப்படி அரசர்களுக்கு அனுப்பிய கடிதங்களைப் பற்றி இன்னொன்று. முத்திரை இல்லாத கடிதத்தை அரசர்கள் படிக்க மாட்டார்கள் என்று சொன்னதும், நபி (ஸல்) அவர்கள் வெள்ளியில் மோதிர முத்திரை செய்துகொண்டார்கள்: முஹம்மது, ரஸூல், அல்லாஹ் என்று மூன்று வரி. பெறுபவரின் வழக்கத்தை மதித்து அனுப்பும் முறை அது. உங்கள் அழைப்பிதழுக்கும் அதே கணக்குத்தான். கல்யாணப் பத்திரிகை கொடுப்பதுபோல் இரண்டு பேர் வீட்டுக்குப் போய், பெரியவர் கையில் கொடுத்து, "குடும்பத்தோட வாங்க" என்று வாயால் சொல்லணும். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் இருபது பேர் வருவார்கள்.

குர்ஆன் மொழிபெயர்ப்பைக் கேட்டவருக்கு மட்டும் கொடுங்கள். 1940களில் ஆ. கா. அப்துல் ஹமீது பாகவியின் முழு மொழிபெயர்ப்பு வந்ததில் இருந்து தமிழில் இப்போது பல இருக்கின்றன. நீளமான அடிக்குறிப்புச் சண்டை இல்லாத பதிப்பாகப் பார்த்து எடுங்கள். கொடுக்கும்போதே எங்கே தொடங்குவது என்று ஒரு சீட்டு வைக்க வேண்டும். முதல் பக்கத்தில் இருந்து போனால் இரண்டாவது அத்தியாயமே 286 வசனம், சட்டமும் வரலாறும் கலந்து வரும், பத்துப் பக்கத்தில் நின்றுவிடுவார்கள். 1, 112, 93ஆம் அத்தியாயங்கள், பிறகு 12 (யூசுஃப் நபி வரலாறு, தொடர்ச்சியான ஒரே கதை), கிறிஸ்தவக் குடும்பமானால் 19 (மர்யம்). இந்த வரிசை வாசிக்க வைக்கும். வசனங்களை வைத்துப் பிற சமயத் தெய்வங்களோடு ஒப்பிட்டுப் பட்டியல் போடும் துண்டறிக்கை எதையும் அந்த வளாகத்தில் வைக்காதீர்கள். 6:108 நேரடியாகத் தடுக்கிறது: அவர்கள் வணங்குபவற்றை ஏசாதீர்கள்.

பதில்: நிகழ்ச்சி ஒருங்கிணைப்பவர், நெல்லிக்குப்பம்

நடத்தும் விதம் மட்டும் சொல்கிறேன்.

நாள்: ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். நம் கடற்கரையில் அப்போதுதான் மழையும் புயலும். தை பிற்பாதி, மாசி சரி. பொங்கல் வாரத்தையும் பொதுத்தேர்வையும் தவிர்த்துவிடுங்கள். நேரம்: அஸர் (பிற்பகல்) ஜமாஅத், அதாவது கூட்டுத் தொழுகை, முடிந்ததில் இருந்து மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழுவது) முடியும்வரை. வெளிச்சத்தில் வருவார்கள், கிளம்பும் முன் ஒரு ஜமாஅத் தொழுகையை நேரில் பார்ப்பார்கள். எத்தனை பேச்சு பேசினாலும், பாங்கு சொன்னதும் கடைக்காரரும் கூலிக்காரரும் தோளோடு தோள் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்ப்பதற்கு ஈடாகாது. அவர்கள் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். வரிசையில் வந்து நிற்கும்படி யாரும் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

150 பேரை ஒரே கூட்டமாக விட்டால் பின்னால் இருப்பவருக்கு எதுவும் கேட்காது. 12 முதல் 15 பேர் கொண்ட குழு, குழுவுக்கு ஒரு வழிகாட்டி, அவருக்குப் பின்னால் ஒரு உதவியாள். ஒரு சுற்று 25 நிமிடம். பத்து நிமிட இடைவெளியில் அடுத்த குழு. பதினொரு குழு என்றால் கடைசிக் குழு முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும், அது மஃரிபைத் தாண்டிவிடும். அதனால் நுழைவை இரண்டாகப் பிரித்து, ஒரு வரிசை ஹவுளில் (கை கால் கழுவும் நீர்த்தொட்டி) இருந்தும் இன்னொரு வரிசை மிஹ்ராபில் இருந்தும் தொடங்கட்டும். காத்திருப்பவர்களுக்கு நிழலில் நாற்காலியும் தண்ணீரும்.

வழி இது: வாசலில் செருப்பு. கல்யாண மண்டபம்போல் எண் போட்ட டோக்கன் கொடுங்கள். ஒருவர் செருப்பு காணாமல் போனால் அன்று அவருக்கு நினைவிருக்கப்போவது அது ஒன்றுதான். அடுத்து ஹவுள். ஒருவர் உட்கார்ந்து ஒளு (தொழுகைக்கு முன் கழுவும் முறை) செய்து காட்டட்டும்: கை, வாய், மூக்கு, முகம், முழங்கைவரை, தலை, காது, கால். பேச்சைவிட இது பிடிக்கும், குழந்தைகள் கூடவே செய்து பார்ப்பார்கள். ஆனால் ஹவுள் படி எப்போதும் பாசி. முதல் நாளே பிரஷ் போட்டுத் தேய்த்து, படியில் சாக்கு விரித்து வையுங்கள். பிறகு உள்ளே: நடுவே எந்தச் சிலையும் படமும் இல்லாத வெற்று இடம். வருபவர்கள் "சாமி எங்கே இருக்கு?" என்று கேட்பது இங்கேதான், நேர்மையான கேள்வி அது. மிஹ்ராப் திசை காட்டும் மாடம், மிம்பர் வெள்ளிக்கிழமை உரைக்கான படி, சுவரில் ஆறு கடிகாரம் ஐந்து வேளைக்கும் ஜும்ஆவுக்கும். அவ்வளவு சொன்னால் போதும்.

எல்லா ஊரிலும் வரும் கேள்விகள் ஐந்தாறுதான். "பாங்கில் அக்பர் மன்னர் பேரை ஏன் சொல்றீங்க?" சிரிக்காதீர்கள். அக்பர் என்றால் மிகப் பெரியவன்; அல்லாஹு அக்பர், இறைவனே மிகப் பெரியவன். பாங்கின் ஏழு வகை வரிகளையும் தமிழ்ப் பொருளோடு ஒரு பலகையில் எழுதி வையுங்கள், ஃபஜ்ரில் (அதிகாலைத் தொழுகை) மட்டும் வரும் "தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது" உட்பட. பலரும் நின்று வாசிப்பது அந்தப் பலகையைத்தான். "மக்காவில் கறுப்புக் கல்லைக் கும்பிடுறீங்களே?" இதற்கு உமர் (ரலி) சொன்னதே பதில்: நீ வெறும் கல், நன்மையும் தீமையும் உன்னால் ஆகாது, நபி முத்தமிட்டதைப் பார்த்திராவிட்டால் நானும் முத்தமிட்டிருக்க மாட்டேன். "நாலு கல்யாணம்?" நீதி செய்ய முடியாது என்று அஞ்சினால் ஒன்றுதான் என்று அதே வசனம் (4:3) சொல்வதைச் சொல்லி நிறுத்துங்கள். தெரியாத கேள்விக்கு, "இமாமிடம் கேட்டு, வீட்டுக்கு வந்து சொல்றோம்" என்று பெயரும் தெருவும் குறித்துக்கொண்டு, அதே வாரத்தில் போய்ச் சொல்ல வேண்டும். கையிலிருந்து புதிதாக ஒரு ஹதீஸை (நபிமொழி) புனைவதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை.

கேமரா வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணன் பள்ளிக்குள் நிற்கும் படத்தை நம் பையன் முகநூலில் போட்டு, "இவரும் உண்மையைத் தேடி வந்தார்" என்று எழுதினால் அந்தக் குடும்பம் மறுபடி படி ஏறாது. அவர் உறவினர்கள் நம்மீது புகார் கொடுப்பார்கள். வாசலிலேயே "படம் எடுப்பதில்லை" என்று எழுதி வையுங்கள். தொப்பி கட்டாயம் இல்லை. யாரிடமும் கலிமா சொல்லச் சொல்லாதீர்கள், விளையாட்டுக்குக்கூட.

பதில்: வழக்கறிஞர், புதுச்சேரி

சட்டம் பற்றி. அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது கொள்கையை எடுத்துச் சொல்லும் உரிமைதான், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. தனிச் சட்டம் இல்லை என்பதற்காக எதுவும் செய்யலாம் என்று எண்ண வேண்டாம். பிற சமயத்தின் உணர்வைத் திட்டமிட்டுப் புண்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 299, 302 பிரிவுகள் இருக்கின்றன. வெளியூர்ப் பேச்சாளர் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்: பேசிவிட்டு அவர் பஸ் ஏறிவிடுவார், வழக்கில் பெயர் வருவது முத்தவல்லிக்கும் (பள்ளி நிர்வாகி) செயலாளருக்கும்.

பள்ளி வளாகத்துக்குள் ஒலிபெருக்கி இல்லாமல் நடத்தினால் சிக்கல் குறைவு. ஆனாலும் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தகவல் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். தெருவில் பந்தல், ஒலிபெருக்கி என்றால் முன் அனுமதி கட்டாயம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. வருபவர்களுக்குப் பணம், மளிகை, புடவை என்று எதுவும் கொடுக்காதீர்கள். டீயும் பலகாரமும் விருந்தோம்பல். பொருள் கைமாறினால் ஆசை காட்டி அழைத்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நீங்களே சாட்சி தயாரித்துக் கொடுத்தது போல.

பிறகு யாராவது தாமாகவே இஸ்லாத்தை ஏற்க வந்தால், அன்றைக்கே சான்றிதழ் எழுதாதீர்கள். 18 வயது நிறைந்ததற்கு ஆவணம் பாருங்கள். கலிமா சொல்வது அவருக்கும் இறைவனுக்கும் இடையில் உள்ளது, அதற்குக் காகிதம் தேவையில்லை. காகிதம் என்று வரும்போது விளைவுகளைச் சொல்லிவிட வேண்டும். பட்டியல் சாதியினர் என்றால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாருக்கு மட்டும். மாறியதும் அது போய்விடும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 26ஆம் பிரிவின்படி, மதம் மாறிய பிறகு அவருக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு, வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் அவர்கள் இந்துவாக இருந்தால் தவிர, இந்து உறவினர் சொத்தில் பங்கு இல்லை. முதல் திருமணம் இருக்கும்போதே இரண்டாம் திருமணத்துக்காக மதம் மாறி வருபவர்களிடம் கண்டிப்பாக இருங்கள். 1995இல் சரளா முத்கல் வழக்கில் அப்படிச் செய்த இரண்டாம் திருமணம் செல்லாது, குற்றம் என்றும் தீர்ப்பு வந்துவிட்டது. இதையெல்லாம் மறைத்து ஒருவரைச் சேர்த்தால் அது ஏமாற்று. பெயர் மாற்றத்துக்கு அரசிதழில் வெளியிட வேண்டும். எங்கள் புதுச்சேரியில் ரெனோன்சான் (பிரெஞ்சு ஆட்சியில் தங்கள் தனிச் சட்டத்தைத் துறந்தவர்கள்) குடும்பங்களுக்குப் பிரெஞ்சு சிவில் சட்டம் பொருந்துவதால், சொத்து விஷயத்தில் பொதுவாக எதுவும் சொல்லிவிடாமல் வழக்கறிஞரிடம் அனுப்புங்கள்.

மறுகேள்வி: மஹல்லா உறுப்பினர், கடலூர் முதுநகர்

ஜஸாக்கல்லாஹ். மேடை வேண்டாம் என்று இளைஞர்களிடம் இதைக் காட்டிவிடலாம். தையில் முடியாவிட்டால் ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு அழைக்கலாம் என்று ஒரு யோசனை. கஞ்சி அளவும் பெண்களுக்கான ஏற்பாடும் யாராவது சொல்லுங்கள்.

பதில்: ஆசிரியை, காரைக்கால்

பெண்கள் பற்றி முதலில். 150 பேரில் பாதிக்கு மேல் பெண்களாக இருப்பார்கள்; ஆண் வழிகாட்டியிடம் அவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். குறைந்தது ஐந்து பெண் வழிகாட்டிகள் வேண்டும், ஆலிமாவாக இருக்க வேண்டியதில்லை. பெண்கள் தொழும் தளம் இருந்தால் அங்கேயே உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் மதரஸா அறையைத் தயார் செய்து, "இங்கே பெண்களுக்கு இடமில்லை" என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நபி (ஸல்) காலத்தில் பெண்கள் பள்ளிக்கு வந்து தொழுதார்கள் என்பதையும் சொல்லுங்கள். தலையை மூடிக்கொள்ள விரும்புபவருக்குத் துவைத்து மடித்த துப்பட்டா ஒரு கூடையில் இருக்கட்டும். எடுக்காதவரைக் கண்ணால்கூடக் கேட்காதீர்கள். மாதவிடாயில் இருப்பவர் வரலாமா என்று காதோடு கேட்பார்கள். அதற்கான பதிலை முன்பே இமாமிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கஞ்சி. விருந்தாளிகளுக்குத் தனி அண்டா, கறி சேர்க்காதது, கரண்டியும் தனி. கறிக் கஞ்சியில் இருந்து கறியை ஒதுக்கிவிட்டுக் கொடுப்பது சைவக் கஞ்சி ஆகாது, அது நம்பிக்கைத் துரோகம். ஆளுக்கு 300 மில்லி கணக்கில் 150 பேருக்கு 45 லிட்டர். ஒரு கிலோ பச்சரிசி நொய்க்கு 200 கிராம் பாசிப்பருப்பு, ஒரு மேசைக்கரண்டி வெந்தயம், எட்டு லிட்டர் தண்ணீர், கடைசியில் ஒரு தேங்காயின் பால். ஐந்தரை கிலோ நொய் போதும். தேங்காய்ப்பால் ஊற்றிய பிறகு கொதிக்கவிட்டால் திரியும். தணலைக் குறைத்துவிட்டு ஊற்றுங்கள். அரை மணியில் கஞ்சி இறுகும், எனவே ஐந்து லிட்டர் வெந்நீர் தனியாக இருக்கட்டும்.

ரமலானில் தவறுவது ஒரு இடத்தில்தான். பாங்கு சொன்னதும் நோன்பாளிகள் பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி, உடனே மஃரிப் என்று ஓடுவார்கள். பத்து நிமிடம் விருந்தாளிகள் தனியாக உட்கார்ந்திருப்பார்கள், கை வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல். பாங்குக்கு அரை மணி நேரம் முன்பே அவர்களை உட்கார வைத்து, "உங்களுக்கு நோன்பு இல்லை, இப்பவே சாப்பிடலாம்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் பாங்குவரை காத்திருப்போம் என்பார்கள். நோன்பு வைக்கத் தேவையில்லாத நிலையில் இருக்கும் நான்கு பெண்கள், இரண்டு முதியவர்கள் மஃரிப் நேரத்தில் அவர்களோடு அமர்ந்திருக்கும்படி முன்பே சொல்லி வையுங்கள்.